வரவா, அங்கேயே இருக்கவா, வந்து தள்ளி இருக்கவா?

2020 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு தம்பி போன் எடுத்தான். கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் கொரோனாவுக்காகப் பத்து நாளாகப் போட்டிருந்த ஊரடங்கை மறுநாள் காலை ஐந்து மணிக்கு எடுக்கப் போகிறார்கள். விடிந்ததும் ஹட்டன் பக்கம் ஒரு வான் புறப்படுகிறது, அதில் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. சனிக்கிழமை தீபாவளி. "வரவாக்கா, இங்கயே இருக்கவா? வான்காரருக்குப் பத்து மணிக்குள்ள சொல்லணும்" என்றான்.

எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் காம்பராவில் (லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கான அறை) நடந்த பேச்சை அதன்பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். டெங்குவோ, வேறு காய்ச்சலோ, இன்னொரு கொரோனாவோ, மலையகத்தில் ஏதோ ஒரு வீட்டுக்கு இதே கேள்வி திரும்பவும் வரும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை இல்லாத லயம் இப்போது எங்கே இருக்கிறது? அதனால் எங்கள் முன்னால் இருந்த வழிகளையும் அவற்றில் எதை எப்படி எடை போட்டோம் என்பதையும் எழுதி வைக்கிறேன். என் முடிவு என்ன என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அன்றைய நிலைமை இது. ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கண்டுபிடிக்கப்பட்ட தொற்று, அந்த மாதம் முடிவதற்குள் பேலியகொடை மீன் சந்தையைப் பிடித்திருந்தது. அங்கே மீன் எடுக்கப் போன வியாபாரிகளோடு ஊர் ஊராக நோயும் போனது. தம்பி வேலை செய்தது மகரகமப் பக்கம் ஒரு துணிக்கடையில். கடை பூட்டி, போர்டிங்கில் ஒரே அறையில் ஐந்து பையன்களோடு இருந்தான். அவன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே வீட்டில் 74 வயது அப்பாயி (அப்பாவின் அம்மா), சீனி வருத்தமும் (நீரிழிவு) பிரஷரும் உள்ளவர். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டும்) வேலை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இரண்டு காம்பரா தள்ளி இருக்கும் சித்தப்பாவும் பேச்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எங்களில் இரண்டு பேர் பயந்தவர்கள், மூன்று பேர் துணிந்தவர்கள் என்று தோன்றியிருக்கும். அப்படிப் பிரித்துப் பார்த்ததால்தான் முதல் ஒரு மணி நேரம் சண்டையில் போனது. உண்மையில் ஐந்து பேருமே பயந்துதான் இருந்தோம். ஒவ்வொருவரும் பயந்த விஷயம் வேறு. அம்மா பயந்தது பிள்ளை பசியோடு கிடப்பானே என்று. அப்பாவின் பயம், லயத்தை மூடிவிட்டால் பேர் விழாதே, நாட்சம்பளம் போய்விடுமே என்பது. சித்தப்பா, நல்ல நாளில் பிள்ளையை வீட்டுக்கு வராதே என்று சொன்ன குடும்பம் என்ற பேச்சுக்குப் பயந்தார். நான் அப்பாயியை நினைத்துப் பயந்தேன். அப்பாயிக்கோ பேரனைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்ற பயம்.

முதல் வழி, வந்து எங்களோடு காம்பராவிலேயே இருப்பது. அப்பாவும் சித்தப்பாவும் இதற்குத்தான் நின்றார்கள். "கவனமா இருந்துக்குவான், மாஸ்க் போட்டுக்குவான்" என்றார் அப்பா. அவருடைய நியாயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. மார்ச்சில் நாடே வீட்டில் இருங்கள் என்று ஊரடங்கு போட்டபோது தோட்டத்தில் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க) கூப்பிட்டார்கள். தேயிலை நிற்கக் கூடாது என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் அந்த நாட்களில் ஒரு நாளும் நிற்காமல் மலைக்குப் போனார்கள். "அம்பது அறுபது பேரோட மலையில நின்னோம். அப்ப வராத நோய் என் சொந்தப் புள்ளகிட்ட இருந்தா வரப்போவுது?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது. தன் உயிரை யாரும் பெரிதாக எண்ணாத காலத்தில் வேலை செய்த மனிதர், இப்போது மகனை மட்டும் நோய் என்று பார்ப்பதா என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் இருந்த பதில் காற்றைப் பற்றியது. அந்தச் சமயம் எங்கள் பக்கத்தில் நோய் அவ்வளவாக இருக்கவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மலையில் ஆளுக்கு ஒரு நிரை, மேலே வானம், ஓயாத காற்று. ஒருவர் இருமினாலும் அது கலைந்து போகும். காம்பரா அப்படியா? பத்தடிக்குப் பன்னிரண்டடி. நவம்பர் மழைக்கும் குளிருக்கும் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் படுக்கிறோம், அவனும் வந்தால் ஐந்து பேர். எங்கள் லயத்தில் இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மூன்றாவது காம்பராவில் கருவாடு சுட்டால் எங்கள் தலையணையில் மணக்கும். இந்த நோய் பேசும்போதும் மூச்சு விடும்போதும் காற்றில் போகிறது. கருவாட்டு மணம் போகிற வழி அதற்கும் திறந்துதான் இருக்கிறது. இந்த இடத்தில் "கவனமாக இருப்பது" என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆறடி தள்ளிப் படுக்க ஆறடி வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மாஸ்க் போட முடியாது.

இன்னொரு கணக்கும் அன்றிரவு என் மனதை அறுத்தது. தொற்றிய நாளிலிருந்து காய்ச்சல் தெரிவதற்குப் பெரும்பாலும் ஐந்து நாள் ஆகும், சிலருக்குப் பதினான்கு நாள் வரைக்கும். காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரப்ப முடியும். அவன் 9ஆம் தேதி வானில் ஏறுகிறான். கண்ணாடி ஏற்றிய வானில் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று நாலைந்து மணி நேரம். அந்த வானிலேயே அவனுக்குத் தொற்றினால், ஒரு சுகவீனமும் தெரியாமல் 12, 13ஆம் தேதிகளில் வீட்டில் பலகாரம் சுட உதவி செய்வான். 14ஆம் தேதி காலையில் அப்பாயி கையால் தலையில் எண்ணெய் வைத்துக்கொள்வான். அவனிடமிருந்து பரவ அதிக வாய்ப்புள்ள நாட்களும் எங்கள் பண்டிகை நாட்களும் ஒன்றாக வந்து விழுகின்றன. புறப்படும் முன் பி.சி.ஆர். எடுத்து இல்லை என்று வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முந்தின நாள் சோதனை வானில் நடந்ததைச் சொல்லாது.

அப்போது அப்பாயி வாயைத் திறந்தார். "எனக்கு வயசாச்சு. நான் போனா போறேன். எம் பேரன் மொகத்த பாத்துட்டுப் போறேன், வரச் சொல்லு."

இதை எப்படி மறுப்பது? தன் உயிரைத் தானே பணயம் வைக்க ஒரு வயதானவருக்கு உரிமை இல்லையா? எனக்கு இன்றைக்கும் இது லேசான கேள்வி இல்லை. ஆனால் இரண்டு விஷயம் அவருக்குத் தெரியாமல் இருந்தது, அல்லது நாங்கள் சொல்லாமல் இருந்தோம். அப்போதெல்லாம் இந்த நோய் வந்தால் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போவார்கள், கூட யாரும் இருக்க முடியாது. போய்விட்டால் உடம்பு வீட்டுக்கு வராது, அங்கேயே தகனம். தப்புப் பறை அடித்து, நீர்மாலை எடுத்து, லயமே கூடி அனுப்பி வைக்கும் சாவு கிடைக்காது. இதை நான் மெதுவாகச் சொன்னேன். அப்பாயி கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது விஷயத்தை அம்மா சொன்னார்: அடுத்த காம்பராவில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள். அப்பாயி தனக்காகச் சரி சொல்லலாம், அவளுக்காகச் சொல்ல முடியாது. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா இருக்கும் இடத்தில் "என் உயிர், என் இஷ்டம்" என்ற பேச்சு சுவரோடு நின்றுவிடுவதில்லை.

காசுக் கணக்கை அப்பாவே போட்டார். ஒரு வீட்டில் நோய் என்றால் லயத்தையே 14 நாளுக்கு மூடுவார்கள். அதில் வேலை நாள் 12 என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஓர் ஆளுக்கு 8,400 ரூபா போகும். காம்பராவுக்கு ஓர் ஆள்தான் வேலை என்றாலும் பன்னிரண்டு காம்பராவுக்கு 1,00,800 ரூபா. ஏப்ரலில் கொடுத்த 5000 ரூபாவுக்கு எத்தனை தடவை கிராம சேவகர் வாசலுக்கு நடந்தார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு லட்சத்தை அந்த லயத்துக்கு யார் தருவார்? இந்தக் கணக்குக்குப் பிறகு அப்பா முதல் வழியைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது வழி, அங்கேயே இருப்பது. நான் முதலில் இதைத்தான் சொன்னேன். படித்தவள் சொல்லும் பதில் அதுதான், பேப்பரிலும் டி.வி.யிலும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அம்மா ஒரே கேள்வியில் என்னை நிறுத்திவிட்டார்: "அங்க இருந்தா யாருக்குப் பாதுகாப்பு?"

எங்களுக்குத்தான். அவனுக்கு இல்லை. ஆறு பேர் படுக்கும் போர்டிங் அறை எங்கள் காம்பராவைவிடப் பெரிதில்லை. அந்த ஆறு பேரும் வேறு வேறு கடைகளில் வேலை செய்பவர்கள். ஊரடங்கு எடுத்ததும் ஆறு திசைக்குப் போய் இரவில் ஒரே அறைக்குத் திரும்புவார்கள். சோறு எடுக்கும் கடை பூட்டிக் கிடக்கிறது. சம்பளம் பாதிதான் தருவோம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பத்து நாளாகப் பாணும் பருப்பும் தின்று அவன் குரலே மெலிந்திருந்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு சுடுதண்ணி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. "வீட்டிலேயே இருங்கள்" என்பது சமையலறையும் சம்பளமும் உள்ள வீட்டுக்காரருக்குச் சொன்ன வார்த்தை. அந்தப் பையன் இருந்தது வீடு இல்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் என் பயத்துக்கு நான் அறிவு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். போர்டிங்கில் சமைக்க வசதி இருந்து, முதலாளி சம்பளத்தை நிறுத்தாமல் இருந்து, கூட இருப்பவர்கள் இரண்டு பேர்தான் என்றிருந்தால் நான் இரண்டாவது வழிக்குத்தான் கை தூக்கியிருப்பேன். காசு அனுப்பி, வீடியோ கோலில் எண்ணெய் வைத்துவிட்டு, பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம்.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது அப்பாயி. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்திலிருந்து ஒரு வளைவு மேலே. கூரை போட்டாயிற்று, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, பின்னால் கக்கூஸ் இருக்கிறது, பீலித் தண்ணீர் பக்கம். "அங்க இருக்கட்டும். அம்ம போட்டா என்ன செய்வோம்? வாசல்ல வேப்பிலய கட்டிட்டு வெளியாள் வராம பாத்துக்குவோம்ல? அதான்" என்றார்.

இதற்கு முன் நான் "தனிமைப்படுத்தல்" என்று சொன்னபோதெல்லாம் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "எம் புள்ளய கேம்புல அடைக்கிறதா?" என்றார். அந்தச் சொல் எங்கள் சனத்துக்குச் சும்மா வந்த சொல் இல்லை. இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்த அப்பாயியின் அம்மாவை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, உடம்பைச் சோதித்து, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அப்பா. அரசாங்க வார்த்தையில் அது அடைத்து வைப்பதாகக் கேட்டது. அம்மை வார்த்தையில் சொன்னபோது அது பார்த்துக்கொள்வதாகக் கேட்டது. அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள், ஆனால் இளநீரும் கூழும் வாசல் வரைக்கும் போகும். நோயாளியை யாரும் வெறுப்பதில்லை. மாரியம்மா வந்திருக்கிறாள் என்று மரியாதையாகத்தான் பேசுவோம். நூறு சுவரொட்டி செய்யாததை அந்த ஒரு பேச்சு செய்தது.

மூன்றாவது வழியின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. ஜன்னல் இல்லாத வீட்டில் நவம்பர் குளிர் எலும்பில் ஏறும். உரச்சாக்கைத் தைத்து அடித்தோம். 9ஆம் தேதி வந்தால் 14 நாள் 23ஆம் தேதிதான் முடியும், தீபாவளி அதற்குள் போய்விடும். அப்படியென்றால் வந்து என்ன பிரயோசனம் என்று சித்தப்பா கேட்டார். அம்மா சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது: "சத்தம் போட்டா கேக்குற தூரத்துல இருந்தா போதும்." வானில் ஏறும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது, இந்த வழி அதைக் குறைக்கவில்லை. காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நான் அன்றிரவே கிராம சேவகருக்கும் மறுநாள் பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்னேன். சொன்னால் ஊர் ஒதுக்கிவிடும் என்று பயந்து ஒளித்து வைத்த வீடுகளும் அந்த வாரம் இருந்தன. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒளித்தால் வேலிக்கு வெளியே சோறு வைக்க முடியாது, பகலில் வெளியே வந்து வெயிலில் நிற்க முடியாது, மூன்றாவது வழி ஒரே நாளில் முதல் வழியாக மாறிவிடும்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தம்பிக்குச் சொன்னோம். அவன் உடனே சரி என்றான். தன்னால் அப்பாயிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அவன்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்து பேர் பேசினோமே தவிர, வரப்போகிறவனிடம் யாரும் கேட்கவே இல்லை. 11ஆம் தேதி நள்ளிரவிலிருந்து மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று தடை போட்டார்கள். இரண்டு நாள் யோசித்திருந்தால் கேள்வியே இல்லாமல் போயிருக்கும்.

தீபாவளியன்று வேலிக்கு அந்தப் பக்கம் அவனே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டான். அப்பாயி இந்தப் பக்கம் நின்று கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். ராத்திரி சித்தப்பா ஆட்டிறைச்சிக் கறியை எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் உள்ளே போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் தெரிந்து நான் அழுதேவிட்டேன். கடைசியில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார் சித்தப்பா. ஒன்றும் ஆகாததால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. எங்கள் முடிவு சரி என்றும் அது காட்டாது. தம்பிக்கு நோய் இல்லை, அவ்வளவுதான். இரவில் விளக்கில்லாமல் தண்டவாளத்தைக் கடந்தவன் பிழைத்துக்கொண்டால், ரயில் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

2021 சித்திரைப் புத்தாண்டுக்குச் சித்தப்பாவின் மகன் கொழும்பிலிருந்து வந்தான். அதற்குள் மாமா குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தது, தள்ளி இருக்க வேறு இடம் இல்லை. முதல் வழிதான் மிஞ்சியது. நாலைந்து நாளில் அவனுக்குக் காய்ச்சல். பிறகு லயத்தில் ஒன்பது பேருக்கு. கடைசிக் காம்பராவில் இருந்த பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பவில்லை. நான் அப்பாயியிடம் அடுப்படியில் சொன்னதெல்லாம் அவருக்கு நடந்தது. அந்தப் பையன் மேல் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். அந்தப் பண்டிகைக்கு எங்கள் லயத்துக்கே நாலு பேர் வெளியிலிருந்து வந்திருந்தார்கள்; யாரிடமிருந்து யாருக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா, நடு வருடத்தில் தோட்டத்துக்குச் சினோபாம் வந்த அன்று வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் நின்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

என்னிடம் இப்போது யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். பிள்ளை இருக்கும் இடத்தில் சோறும் சம்பளமும் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வரட்டும், ஆனால் தனிக் கதவும் தனிக் கக்கூசும் உள்ள இடத்துக்கு. நேராகக் காம்பராவுக்குள் வருவதை, வீட்டில் வயதானவரோ சீனி வருத்தக்காரரோ பிள்ளைத்தாச்சியோ இருந்தால், நான் எந்தப் பண்டிகைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தனி இடம் எது என்பதை நோய் வருவதற்கு முன்பே லயத்தில் பேசி வையுங்கள்: வாசகசாலையா, பூட்டிக் கிடக்கும் காம்பராவா, யாருடைய அரைகுறை வீடா. போன் வந்த பிறகு தேடினால் இரண்டு மணி நேரம் போதாது. எங்களுக்குக் கிடைத்தது அப்பாயியின் ஞாபகத்தால்தான்.

மாமா பிறகு வீட்டைப் பூசி முடிக்கும்போது முன் அறைக்கு வெளியிலிருந்தே ஒரு கதவு வைத்தார். போன மாதம் தம்பிக்கு மூன்று நாள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான், டெங்குவும் இல்லை என்று இரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பஸ் ஏறும் முன் போன் எடுத்தான். அப்பாயிக்கு எப்படி என்று கேட்டான். பிறகு, "அக்கா, மாமா வூட்டு முன்னறை சும்மாவா இருக்கு?" என்றான்.